இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

செப்டம்பர் 25, புதன்

ஊசிகள் வந்து இறங்கின. மதுரையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி, அதற்குள் ஐஸ் பொட்டலங்கள், அதற்குள் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் ஆறு ஊசிகள். பதினைந்து நாளைக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஆறு. கூரியர்க்காரர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்து, போர்மேனாக நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குப் போட்ட மாலையைக்கூட யாரும் அப்படி ஏந்தி வரவில்லை.

என் மனைவி எப்சிபா ஃபிரிட்ஜின் நடுத்தட்டைக் காலி செய்தாள். கதவில் வைக்கக் கூடாதாம், திறந்து மூடினால் சூடு படுமாம். பின்சுவரில் ஒட்டக் கூடாதாம், உறைந்துவிடுமாம். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் எப்போதும் இருக்க வேண்டுமாம். என் தயிர் கீழ்த்தட்டுக்கு இறக்கப்பட்டது. இந்த வீட்டில் பதவி உயர்வெல்லாம் ஊசிக்குத்தான்.

"சின்னதா ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ள வச்சிருவோமா?" என்றாள்.

"ஏன், ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சல் அடிக்கா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். தெர்மாமீட்டர் பேச்சு அத்தோடு முடிந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

கேலி பண்ணினாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முடக்குவாதம் வந்த இரண்டு வருடம் எப்சிபாவால் குழாயைத் திருக முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. பதினாறு வயதிலிருந்து கோயிலில் ஆர்கன் வாசித்தவள், ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஊசி ஆரம்பித்த நாலாம் மாதம் மறுபடி ஆர்கன் முன்னால் உட்கார்ந்தாள். பிரசங்கத்தின்போது தூங்குவதில் எங்கள் சபையிலேயே நான்தான் மூத்தவன். அன்றைக்கு முழு ஆராதனையும் விழித்திருந்தேன்.

இப்போது கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு இவள்தான் வாசிக்கப்போகிறாள். பதினோரு பாட்டு. பாடகர் குழுவில் பாதிப் பேர் சுருதி சேராத கழுதைகள். இவள் கை அவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

செப்டம்பர் 27, வெள்ளி

நாளைக்குக் கோயம்புத்தூர் பயணம். மகள் பியூலா வீடு கட்டியிருக்கிறாள், வீட்டுப் பிரதிஷ்டை. பத்து நாள். நடுவில் இரண்டாம் தேதி ஓர் ஊசி வருகிறது. அதைக் கொண்டுபோகும் ஏற்பாட்டைப் பார்த்தால் கவர்னர் பயணம் தோற்றுவிடும். வாயகன்ற பிளாஸ்க். அதில் ஐஸ் பொட்டலம். ஊசி அதைத் தொடாதபடி நடுவில் துண்டு சுற்றல். பெட்டியில் போடக் கூடாது, கையிலேயே இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு நகல்.

"மிச்சம் அஞ்சும் ஃபிரிட்ஜுலதான் இருக்கு. கெளம்பும்போது ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்றாள்.

கரண்டைப் பற்றி எனக்கே ஞாபகப்படுத்துகிறாள்.

செப்டம்பர் 28, சனி

ரயிலில் எழுதுகிறேன். மேஜை இல்லை, எழுத்து கோணுகிறது.

வீட்டைப் பூட்டுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. கேஸ், தண்ணீர்க் குழாய், பின்கதவு, கடைசியாக மெயின் ஸ்விட்ச். ஒவ்வொரு ஸ்விட்சாக அணைப்பவன் வெறும் வீட்டுக்காரன். போர்மேன் மெயினை இறக்குவான். பூட்டிய வீடு ஒன்று ஒயர் உருகி எரிந்து, உள்ளே தொட்டில் கரிக்கட்டையாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து பூட்டிய வீட்டில் கரண்ட் ஓட விட்டதில்லை. மூளை சொல்ல வேண்டாம், கை தானாகப் போகும். இன்றும் போனது.

எதிர் இருக்கை ஆசாமி எப்சிபாவின் மடியிலிருந்த பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் ஜில்லுன்னு தண்ணி தாங்கம்மா" என்றார்.

"இது தண்ணி இல்லண்ணே, ஊசி மருந்து."

உடனே காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தொற்றிக்கொள்ளுமாம். இப்படிப்பட்ட அறிவாளிகளோடுதான் நாட்டில் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டி தாண்டியதும் எப்சிபா கேட்டாள்: "ஃபிரிட்ஜு ஓடுதுல்லா?"

"ஓடும்" என்றேன்.

விருதுநகரில் இறங்கி டீ குடித்தேன். எங்கள் ஊர்ப்பக்கம், திருநெல்வேலி போகிற வண்டி ஒன்று எதிர் பிளாட்பாரத்தில் நின்றது. பார்த்துக்கொண்டே நின்றதில் டீ ஆறிவிட்டது. மூடிய ஃபிரிட்ஜ் என்பது ஐஸ் பெட்டி. குளிர் எங்கேயும் ஓடிவிடாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் இன்ஜினியர். அத்தை மேல் உள்ள அன்பில் ஊசியை எடுத்து ஃபிரீசரில் வைக்கப் போனார். பாய்ந்து பிடித்தேன். "உறைஞ்சாலும் கெடும், சூடானாலும் கெடும், மாப்ளே. ஒரு தடவ கெட்டா மறுபடி குளிர வச்சாலும் ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். நன்றாகத் தலையாட்டினார்.

எப்சிபா பெருமையாகப் பார்த்தாள். "எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்க பாரு" என்று மகளிடம் சொன்னாள்.

சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள்.

அக்டோபர் 2, புதன்

ஊசி போட்டாள். அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு, தொடையில். பிளாஸ்க்கில் வந்த ஊசி நல்ல ஊசி.

அக்டோபர் 3, வியாழன்

ஊருக்கு முன்கூட்டியே போய்விடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "என்ன அவசரம்? அங்க யாரு அழுதா?" என்றாள். என்ன அவசரம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

வீடு வந்தோம். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு நான் முதலில் உள்ளே போனேன். மெயினை ஏற்றினேன். ஃபிரிட்ஜுக்குள் கழித்துப்போட மறந்த எலுமிச்சம்பழம் பூசணம் பிடித்திருந்தது. அதை ஜன்னல் வழியாகக் கொல்லையில் எறிந்தேன். ஊசியின் அட்டைப்பெட்டி நமுத்திருந்தது, ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் காட்டினேன். எல்லாம் ஏழு நிமிடம்.

ஊசிகள் பார்க்க அப்படியேதான் இருந்தன. தண்ணீர் மாதிரித் தெளிவு. கெட்டுப்போன பொருள் நிறம் மாறாதா, நாறாதா? நாட்டில் கெட்டுப்போனதெல்லாம் நாறத்தானே செய்கிறது.

அக்டோபர் 9, புதன்

டீக்கடைப் பக்கம் நின்று மதுரை மருந்துக்காரர்களுக்குப் போன் போட்டேன். என் நண்பர் ஒருவர் வீட்டில் இந்த மாதிரி, என்றேன். எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று அந்தப் பெண் கேட்டாள். பத்து என்றேன்.

"பத்து நாளா? இந்த வெயில்லயா? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடச் சொல்லுங்க சார். வேற அனுப்புறோம். மேடம் பேர் என்ன?"

போனை வைத்துவிட்டேன். இவர்களுக்கு மறுபடி விற்க வேண்டும், வேறென்ன. பேர் கேட்கிறாள் பேர். வேறு ஊசி வந்து இறங்கினால் எப்சிபா ஏன் என்று கேட்பாள். மாப்பிள்ளைக்கு வகுப்பெடுத்த வாயால் பதில் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

ஊசி. நான் வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். மழை பெய்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அக்டோபர் 30, புதன்

ஊசி.

நவம்பர் 8, வெள்ளி

ஊறுகாய் பாட்டிலை எப்சிபா என்னிடம் நீட்டினாள். ஒரு வருடமாக நீட்டியதில்லை. "மழைக்குக் கை கொஞ்சம் பிடிக்கு" என்றாள். ஆமாம், இந்த வருடம் மழை மோசம் என்று நானும் சொன்னேன். வானிலை ஆபீஸ்காரர்களுக்கு ஒரு மழையையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறதா?

நவம்பர் 13, புதன்

ஊசி. விரல் கணுக்கள் சிவந்து வீங்கியிருக்கின்றன. ஒத்திகையில் ஒரு பாட்டோடு எழுந்து வந்துவிட்டாளாம்.

நவம்பர் 20, புதன்

டாக்டரிடம் போனோம். சின்னப் பெண், எங்கள் பியூலாவைவிட இளையவள். சுவரில் பட்டங்கள் மட்டும் ஓட்டல் விலைப்பட்டியல் நீளத்துக்குத் தொங்குகின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஊசியை ஃபிரிட்ஜிலதானே வைக்கறீங்க?"

"நடுத்தட்டுல, டாக்டர். தயிரக்கூட அது பக்கத்துல அண்ட விடுறதில்ல."

"நடுவுல கரண்ட் ஏதாவது போச்சா? ரொம்ப நேரம்?"

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கைகாட்டினாள். "இவங்கதான் கரண்ட்டு ஆபீஸே. இவங்களுக்குத் தெரியாம எங்க வீட்டுல கரண்ட்டு போவாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெருசா ஒண்ணும் போகல" என்றேன்.

இன்னும் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம், பிறகு முடிவு செய்யலாம் என்று டாக்டர் எழுதிக்கொண்டாள். இதற்கா இத்தனை பட்டம்? எதிரில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஐயரம்மா வந்தார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பாதிரியாரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. இரண்டு தம்ளர் காப்பி குடித்துவிட்டு, எப்சிபா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "மருந்து சரியாத்தான் இருக்கு, நீங்களும் சரியாத்தான் போடுதீங்க. அப்புறம் ஏன் கேக்கல? உள்ள யாரு மேலயாவது கசப்பு இருக்கும். அத எடுத்துப் போடுங்க, சொகம் தன்னால வரும்."

மருத்துவக் கல்லூரியை மூடிவிட்டு இந்த அம்மாவையே உட்கார வைக்கலாம்.

ஆனால் எப்சிபா அதைப் பிடித்துக்கொண்டாள். சாயந்திரம் முழுக்க முழங்காலில் நின்றாள். எழுந்திருக்கும்போது கட்டிலைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்தாள். நான் அடுத்த அறையில் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு விளையாட்டில் ஆர்வமே கிடையாது.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து எப்சிபா நேரே அவள் அக்கா ஜாய்ஸ் வீட்டுக்குப் போனாள். பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அம்மா சாகக் கிடந்தபோது தகவல் சொல்லாமல் விட்டது ஜாய்ஸ். முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போனது எப்சிபா. இன்று மன்னிப்புக் கேட்டது எப்சிபா. காலில் விழுந்தாளாம்.

"அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"இப்பவாவது புத்தி வந்துதேன்னு சொன்னா."

அந்த ஜாய்ஸைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரியை நான் பார்த்ததில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தை எழுதுகிற கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 27, புதன்

ஊசி. அவளால் மூடியைக் கழற்ற முடியவில்லை. நான் கழற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 30, சனி

கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டம். அங்கே எப்சிபா எழுந்து நின்று சாட்சி சொன்னாளாம். கூடப்பிறந்தவள் மேல் பதினோரு வருடம் கசப்பு வைத்திருந்ததால் ஆண்டவர் என் கையை மடக்கினார், எனக்காக ஜெபியுங்கள் என்று. நாற்பது பெண்கள் முன்னால். தானே வந்து என்னிடம் சொன்னாள். "மனசு லேசா இருக்கு" என்றாள்.

எல்லோரும் முட்டாள்கள். ஐயரம்மா, சங்கம், நாற்பது பேரும்.

டிசம்பர் 1, ஞாயிறு

கீத ஆராதனைக்கு வாசிக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடப் பாட்டு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டாள். பாட்டுப் புத்தகத்தில் தான் பென்சிலால் குறித்திருந்த இடங்களை டீச்சருக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினாள். பக்கத்தை டீச்சர்தான் திருப்ப வேண்டியிருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் இன்றைய தாளையும் பார்த்தாள். "இந்த ஊசிக்கு உங்க உடம்பு பழகிடுச்சும்மா. சிலருக்கு அப்படி ஆகும். இனி இதால பிரயோஜனம் இல்ல, நிறுத்திடலாம். வேற மருந்து இருக்கு, கொஞ்சம் கடுமையானது. மாசம் ஒரு நாள் இங்க படுத்து டிரிப்ஸ் ஏத்தணும். கை எந்த அளவுக்குத் திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

எப்சிபா அழவில்லை. மடியில் கிடந்த இரண்டு கையையும் ஏதோ அடுத்த வீட்டுச் சாமானைப் போலப் பார்த்தாள். "சரி டாக்டர். ஒரு வருசம் வாசிச்சேன். எனக்கு அவ்வளவுதான் அளந்திருக்கு" என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க" என்றேன்.

சொன்னேன். மெயினை இறக்கியது, கோவில்பட்டியில் பொய் சொன்னது, நமுத்த அட்டையை உலர்த்தியது, மதுரைக்குப் போன் போட்டது, போன மாதம் இதே நாற்காலியில் பொய் சொன்னது. ஐந்தில் நாலு ஊசி போட்டாயிற்று, ஒன்று மிச்சம் இருக்கிறது என்று கணக்கும் சொன்னேன். போர்மேன் அல்லவா, ரிப்போர்ட்டில் ஒன்றும் விடுபடவில்லை.

டாக்டர் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். "அப்ப மருந்து தோக்கல. ரெண்டு மாசமா இவங்களுக்கு மருந்தே போகல. புது ஊசி வரவழைச்சு மறுபடி ஆரம்பிப்போம். பழையபடி கேக்க வாய்ப்பிருக்கு. ஆனா இந்த ரெண்டு மாசத்துல மூட்டு தேஞ்சிருந்தா அது தேஞ்சதுதான், ஐயா." ஐயா என்றுதான் சொன்னாள். செருப்பால் அடித்திருக்கலாம்.

வெளியே பெஞ்சில் எப்சிபா உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப என் கைய மடக்கினது ஆண்டவர் இல்லையா?"

"இல்ல."

"நீங்களா?"

"நான்தான்."

"நான் செஞ்ச பாவம் என்னன்னு ஒவ்வொண்ணாத் தேடினேனே. சின்ன வயசுல அம்மாட்ட சொன்ன பொய் வரைக்கும் தேடினேன். ஜாய்ஸ் கால்ல விழுந்தேன். நீங்க பக்கத்து ரூம்புல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

ஆமாம் என்றேன். அறுபத்துநாலு வயதில் முதல் முறையாக, யாரையும் ஏசத் தோன்றவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

பேசவில்லை.

டிசம்பர் 11, புதன்

பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருந்தது. மிச்சமிருந்த ஊசி ஆஸ்பத்திரிக் கழிவில் போடத் தனியாக ஒரு டப்பாவில் இருந்தது.

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஊரில் உள்ளவரையெல்லாம் முட்டாள் என்று எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அக்டோபர் ஏழாம் தேதி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். ஏச்சு வாங்கப் பயந்து அவள் கையை விலையாகக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

புது ஊசிகள் வந்தன. எப்சிபா வாங்கி, எப்சிபா அடுக்கினாள். அரை மணி நேரம் கழித்து ஒன்றைப் போட்டுக்கொண்டாள். மூடியைப் பல்லால் கழற்றினாள்.

பிறகு, நாலு நாளில் முதல் பேச்சு: "நாளைக்கு மூணு மணிக்குச் சங்கத்துக்கு வாங்க."

"பொம்பளைங்க கூட்டத்துல எனக்கு என்ன வேலை?"

"நான் எந்திரிச்சு நின்ன எடத்துல நீங்களும் நிக்கணும்."

டிசம்பர் 14, சனி

போனேன். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஜாய்ஸும் இருந்தாள். எப்சிபா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

எழுந்து நின்றேன். மெயினை இறக்கியதையும் மறைத்ததையும் சொன்னேன். நடுவில் ஐயரம்மா பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"இதுல ஸ்தோத்திரம் சொல்ல ஒண்ணுமில்லம்மா" என்றேன். "இவ கை மடங்கினது இவ கசப்பால இல்ல. என்னால. இவ மேல ஒரு குத்தமும் இல்ல. அக்கா கால்ல விழ வேண்டிய அவசியமும் இல்ல. அன்னைக்கு இவ இங்க சொன்னத நீங்க எல்லாரும் மறந்துரணும். இன்னைக்கு நான் சொன்னத மறக்க வேண்டாம்."

ஜாய்ஸ் குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். உட்கார எனக்கு நாற்காலி இல்லை, வெளியே வந்து மரத்தடியில் நின்றேன்.

கூட்டம் முடிந்து எப்சிபா முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். வாசலில் நின்று கை நீட்டினாள்.

"சாவியத் தாங்க."

கனத்த பூட்டு. எனக்கே இரண்டு சுற்றுக்கு அழுத்தித் திருக வேண்டும். வீங்கிய விரலால் சாவியைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருகினாள். வழுக்கியது. சாவி கீழே விழுந்தது. நான் குனிந்தேன்.

"எடுக்காதீங்க."

அவளே குனிந்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூட்டு திறக்கும்வரை படிக்குக் கீழே நின்றேன்.